வழி என்றான், வலி என்று விழுந்தது

1

இந்தக் கதை ஓர் எழுத்துப் பிழையிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிழை என்றுகூடச் சொல்ல முடியாது. அகராதியில் இருக்கிற, ஒழுங்காக எழுதப்பட்ட, யாரும் விரல் நீட்ட முடியாத ஒரு சொல்தான். வந்து உட்கார்ந்த இடம்தான் தப்பு. அண்ணன் வீடு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தவன், செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது மாதிரி. அவன் அவ்வளவு சகஜமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அந்த வீட்டுக்காரர்களும் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள்.

நான் இதை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன். பக்கம் முடிந்ததும் அதைப் போனுக்கு வாசித்துக் காட்டுவேன். போன் அதை எழுத்தாக்கும். அப்புறம்தான் அது உங்களிடம் வரும். ஆக, நோட்டில் இருப்பது ஒன்று, என் வாயில் வந்தது ஒன்று, போனின் காதில் விழுந்தது ஒன்று. நடுவில் ஏதாவது எழுத்து இடம் மாறியிருந்தால் என்னை மன்னிக்க வேண்டாம். கவனித்தால் போதும்.

தொடக்கம், முதல் முயற்சி:

பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் சலவைக் கூடம் ஒன்றில் இயந்திரங்களின் இடைவிடாத—

அடித்துவிட்டேன். வேலைக்கு ஆள் எடுக்கிற விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது முயற்சி:

அன்று காலை என் வலது கையிலிருந்து விரிப்பு—

இதிலும் ஒரு சொல்லை அடித்திருக்கிறேன். 'என்' என்பதை அடித்து, மேலே 'அவன்' என்று எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஒரே கோடாகத்தான் அடிப்பது வழக்கம். கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். 'கிறுக்கி மறைக்காத. தப்பை மறைச்சா, திருத்தினவனுக்கே என்ன திருத்தினோம்னு மறந்துபோயிடும்' என்பது என் அக்காவின் சொல்.

(அவனுடைய அக்காவின் சொல். சரி, இருக்கட்டும். கோடு ஒன்றுதான் போட்டிருக்கிறேன்.)

2

அன்று காலை அவன் வலது கையிலிருந்து விரிப்பு நழுவி விழுந்தது.

அந்தக் கூடத்தில் விரிப்பைத் தேய்க்கும் உருளைக்கு முன்னால் எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். ஆளுக்கு ஒரு முனை. இரண்டு முனையும் ஒரே நேரத்தில் உருளைக்குள் போனால்தான் சுருக்கம் விழாது. ஒருவர் அரை நொடி பிந்தினாலும், மறுபக்கம் விரிப்பு கோணலாகச் சுருண்டுகொண்டு வரும். அவனுடைய முனைதான் பிந்தியது. அப்புறம் பிந்தக்கூட இல்லை, தரையில் கிடந்தது.

எதிர் முனையைப் பிடித்திருந்தவர் மேற்பார்வையாளர். ஆள் வராத நாட்களில் அவரே வந்து நிற்பார். சிவப்புப் பொத்தானை அழுத்தி உருளையை நிறுத்தினார்.

"தூங்குறியா?"

"இல்லைங்க."

"காலையிலேருந்து மூணு விரிப்பு விழுந்தாச்சு."

"கை வேர்த்திருச்சுங்க."

"இந்தக் கூடத்துல வேர்க்காத கை எது? உன் கை என் வீட்டுக் குழாய் மாதிரி ஆயிருச்சு. மூடினாலும் நிக்க மாட்டேங்குது. போய் டாக்டரைப் பாரு. பாத்துட்டு வா, அப்புறம் திட்டுறேன்."*

* மேற்பார்வையாளர் பேசியது வேறு மொழி. தமிழில் போட்டதும் கொஞ்சம் அன்பானவராகிவிட்டார். உண்மையில் அவ்வளவு மோசமில்லை, ஆனால் இவ்வளவு நல்லவரும் இல்லை.

மருத்துவர் அவனிடம் ஒரு பேனாவைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தான். கண்ணை மூடச் சொன்னார். மூடினான்.

"பேனா இருக்கா?"

அவன் யோசித்தான். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் ஒன்றும் சொல்லவில்லை. கண் திறந்திருந்தபோது பேனா இருந்தது. கண்ணை மூடியதும் பேனா இல்லாமல் போய்விட்டது. இல்லையென்று சொல்லலாம் என்று வாயைத் திறந்த நேரத்தில், அது தரையில் விழும் சத்தம் கேட்டது. கேட்ட பிறகுதான் அதுவரை இருந்தது என்று தெரிந்தது.

மணிக்கட்டுக்குள் ஒரு நரம்பு நசுங்குகிறது, ஒரே மாதிரி மடிக்கிற வேலையில் வருவது, சின்னதாகக் கீறி இடம் விட்டால் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். விட்டுவிட்டால் கட்டைவிரலின் சதை இளைத்துப்போகும், அப்புறம் திரும்பாது. வியாழக்கிழமை காலை வரச் சொன்னார்.

"கீறினா பழையபடி ஆயிருமாங்க? எழுத வருமா?"

"பெரும்பாலும் வரும்."

இவன் எப்போதுமே வாக்கியத்தில் மற்ற எல்லாச் சொல்லையும் விட்டுவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்கிறவன். பேருந்தில் வரும்போது 'வரும்' போய்விட்டது. 'பெரும்பாலும்' மட்டும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கூடவே வந்தது.

3

இங்கே நீங்கள் கேட்பீர்கள்: வீட்டில் சொல்ல வேண்டியதுதானே? இதில் மறைக்க என்ன இருக்கிறது?

இதற்குப் பதில் எழுதி இரண்டு பக்கம் அடித்தேன். அதில் அவன் நல்லவனாகத் தெரிந்தான். குடும்பத்துக்குக் கவலை தரக்கூடாது என்று பல்லைக் கடிக்கிற பிள்ளை. அது முழுப் பொய் இல்லை, ஆனால் அது மட்டும் காரணம் இல்லை.

ஊரைவிட்டு இந்த வேலைக்கு அவன் கிளம்பும்போது வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. அப்பா மூன்று வேளை சாப்பாட்டையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். அம்மா பையில் வைத்த துணியைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டே இருந்தாள். அக்காதான் நடுவில் வந்து நின்றவள். "போகட்டும்மா. அவனுக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னைக் கேளுங்க" என்றாள். வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டால் அது சும்மா பேச்சில்லை. அவனுக்குக் கை போனால் கேள்வி அவனிடம் வராது. அக்காவிடம்தான் போகும். சாப்பிடும்போது, துணி காயப்போடும்போது, அக்கா வீட்டுக்காரரான மாமா வேலைக்குக் கிளம்பும்போது என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போகும்.

ஆக, யாருக்குத் தெரியக்கூடாது என்று அவன் பயந்தானோ, அவளுக்கு மட்டுமாவது தெரிந்த பிறகுதான் அந்த அறுவை மேசையில் கையை நீட்ட முடியும் என்றும் பயந்தான். மொத்தக் கதையும் இவ்வளவுதான். வியாழக்கிழமைக்குள் அக்காவிடம் சொல்வதா, வேண்டாமா.

4

அவனுக்கு ழ வராது. நாக்குக்கு வராது, அவ்வளவுதான். மழை என்றால் மலை. கிழமை என்றால் கிலமை. சின்ன வயதில் அக்கா அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு, "நாக்கை உள்ள மடி. இன்னும் மடி. மடிச்சா உடையாது" என்பாள். மடிப்பான். எச்சில்தான் வரும்.

ஆனால் கைக்கு வரும். அதுதான் ஆச்சரியம். பேனாவை எடுத்தால் ல எது, ள எது, ழ எது என்று கைக்குத் தெரிந்திருந்தது. யோசிக்கவே வேண்டாம். ழவுக்குக் கீழே போகிற அந்த வால், அவன் எழுதினால் அவ்வளவு அழகாக இறங்கும். அம்மா பார்த்துப் பயந்திருக்கிறாள். கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று ஒரு பேச்சு உண்டல்லவா. "கொஞ்சம் கோணலாத்தான் எழுதேன்டா" என்பாள், பாதி விளையாட்டாக.

அக்கா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். பாடப்புத்தகத்திலிருந்து மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்வரை அவள் கண் படாமல் மைக்குப் போகாது. வீட்டிலும் அதே கண்தான்.

அவன் வேலைக்கு வந்த பிறகு வீட்டோடு பேச்செல்லாம் குடும்பக் குழுவில் எழுத்தில்தான். அப்பாவுக்குக் காது மந்தம். பேசினால் கேட்காது, ஆனால் எழுதினால் இரண்டு தடவை படிப்பார். தமிழைப் போனில் தட்டுவது அவனுக்கு நத்தை வேகம். அதனால் பேசி எழுத வைத்தான். முதல் வாரமே சந்தி சிரித்தது.

'இங்க நல்ல மலை' என்று போனது.

அப்பா: 'எந்த மலை. ஏறிப் பாத்தியா'

'சாப்பிட்டேன் முற்றுப்புள்ளி தூங்கப் போறேன் முற்றுப்புள்ளி' என்று போனது.

மாமா: 'மச்சான், எல்லாத்துக்கும் இப்படி முற்றுப்புள்ளி வச்சா எப்படி'

ஒரு தடவை பின்னால் அறைத்தோழர் பேசியதும் சேர்ந்து போய்விட்டது. 'நல்லா இருக்கேன்மா டேய் என் சட்டையை ஏன்டா போட்டிருக்க'. அம்மா ஒரு நாள் முழுக்க யார் சட்டை என்று விசாரித்தாள்.

ஒவ்வொன்றுக்கும் கீழே அக்காவிடமிருந்து ஒற்றைச் சொல் வரும். 'மழை.' 'கிழமை.' 'பழகிவிட்டது.' திட்டு கிடையாது, சிரிப்பு கிடையாது. தாளின் ஓரத்தில் போடுகிற திருத்தம் மாதிரி.

அப்போதுதான் நோட்டு வாங்கினான். முதலில் கையால் எழுதுவது, பிறகு அதைப் பார்த்து மெதுவாகப் போனுக்கு வாசிப்பது, பிறகு போன் எழுதியதை நோட்டோடு ஒப்பிட்டுத் திருத்துவது. வலது பக்கத்தில் மட்டும் எழுதுவான். இடது பக்கம் மாற்றங்களுக்குக் காலியாக இருக்கும். சலவைக் கூடத்தில் மடித்த விரிப்புகளை அடுக்கும் அறைதான் வாசிக்கிற இடம். நான்கு பக்கமும் கூரைவரை துணி. அதற்குள் நின்று பேசினால் உருளைச் சத்தம் எட்டாது, தன் குரல்கூடத் தனக்கே மெத்தென்று கேட்கும்.

பிழைக்காகத்தான் ஆரம்பித்தான். ஆனால் நோட்டு வேறொன்றும் செய்தது. எழுதும்போது பயம் முதல் வரியிலேயே வந்துவிடும். 'அம்மா, எனக்கு இங்க', 'அம்மா, நேத்து ஒருத்தர்', 'அம்மா, திரும்பி' என்று மூன்று தொடங்கி மூன்றையும் ஒற்றைக் கோடாக அடிப்பான். நான்காவது வரி 'அம்மா, சாப்பிட்டேன்' என்று வரும். அதைத்தான் வாசிப்பான். பயமெல்லாம் நோட்டிலேயே தங்கிவிடும். கை ஒரு வடிகட்டி. வாய்க்கு அது கிடையாது, திறந்தால் கொட்டிவிடும்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவன் விஷயத்தில் கைக்கே எட்டாமல் போய்விட்டது.

5

இதுதான் அந்த இடம். இதை ஒன்பது முறை

இதைப் பல முறை எழுதிப் பார்த்துவிட்டேன். பெரிதாக எழுதினால் நாடகமாகிறது. நடந்தபடி சொல்கிறேன்.

திங்கட்கிழமை மதியம். கை சுளுக்கு என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தான். குழுவில் அம்மா கேட்டிருந்தாள்: 'சுளுக்கு எப்படிடா இருக்கு கண்ணு. உண்மையைச் சொல்லு.'

விரிப்பு அறைக்குள் போனான். நோட்டு பையில் இருந்தது, எடுக்கவில்லை. எடுத்து என்ன செய்ய? பேனாதான் கண்ணை மூடினால் காணாமல் போகிறதே. நேராகப் போனைத் தூக்கி வாய்க்கு அருகில் வைத்தான். வழக்கம்போல 'பரவாயில்லம்மா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வடிகட்டி இல்லாத வாய்.

"எனக்கு ஒண்ணும் வழி தெரியலம்மா."

அவன் குரலை அவனே கேட்டுத் திடுக்கிட்டான். அந்த நேரம் பார்த்து யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்தார்கள். போனை மறைக்கப் போன அவசரத்தில் இடது கட்டைவிரல் அனுப்பும் அம்புக்குறியில் பட்டது. போய்விட்டது.

வண்டிக்காரர் துணியை இறக்கிவிட்டுப் போகும்வரை அவன் போனைப் பார்க்கவில்லை. மார்போடு அணைத்து வைத்திருந்தான். அது அதிர்ந்தது. அதிர்ந்தது. அதிர்ந்தது. வீடு கிடுகிடுத்துப்போயிருக்கும் என்று நினைத்தான். அழைப்பு வரும், அம்மா அழுவாள், அப்பா எழுந்து நிற்பார் என்று நினைத்தான். நினைத்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், ஒரு நிம்மதியும் வந்தது.

போனைத் திருப்பிப் பார்த்தான்.

'எனக்கு ஒண்ணும் வலி தெரியலம்மா'

அம்மா: 'அப்பாடா. இப்பதான் சோறு இறங்கும்'

அப்பா: 'நான் அன்னைக்கே சொன்னேன் சுளுக்கு தானா போகும்னு'

மாமா: 'மச்சான் இரும்பு'

ழ வராத நாக்கு. அதைக் கேட்ட போன். ஒரு ல. அதுவும் எப்படிப்பட்ட ல? மூன்று விரலும் மரத்துக் கிடக்கிறவனுக்கு உண்மையிலேயே வலி தெரியவில்லைதான். பொய் என்று அவன் போனைத் திட்டக்கூட முடியாது.

திருத்தியிருக்கலாம். ஒரு எழுத்து. ஆனால் அந்த 'அப்பாடா'வைப் பார்த்தான். கொடுத்த அப்பாடாவைத் திரும்பப் பிடுங்க அவனுக்கு மனசு வரவில்லை.

கடைசியாக அக்காவிடமிருந்து வந்தது. ஒற்றைச் சொல்தான், வழக்கம்போல.

'சரி.'

6

அந்த 'சரி' இந்தக் கதையை இரண்டு நாளாக நகரவிடாமல் உட்கார்ந்திருக்கிறது.

பிழை திருத்துகிறவள் 'சரி' என்றால் என்ன அர்த்தம்? வலி இல்லையா, சரி, சந்தோஷம் என்றா? எழுத்தில் பிழை இல்லை, அச்சுக்கு அனுப்பலாம் என்றா? அல்லது, நீ சொல்ல விரும்பவில்லை, சரி, நான் கேட்கவில்லை என்றா? முற்றுப்புள்ளி வேறு வைத்திருக்கிறாள். அக்கா முற்றுப்புள்ளியைச் சும்மா வைக்கமாட்டாள்.

எழுதுகிறவனாக எனக்கு இந்த அக்கா பாத்திரத்தின் மேல் சந்தேகம். முதல் வடிவத்தில் அவள் ஒரே பார்வையில் கண்டுபிடித்தாள். வலியை வழி என்று திருத்தி, அடுத்த நிமிடம் அழைத்துவிட்டாள். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் நம்ப முடியவில்லை. பிழை திருத்துகிற கண்ணுக்கு ஒரு குறை உண்டு. 'மலை பெய்தது' என்று இருந்தால் பிடித்துவிடும். 'வலி தெரியல' என்று இருந்தால் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விடும். அக்காவே சொல்லியிருக்கிறாள்: "தப்பான சொல்லைப் பிடிச்சிரலாம்டா. சரியான சொல்லு தப்பான இடத்துல உக்காந்திருந்தா சாமி வந்தாலும் பிடிக்க முடியாது. எழுதினவன்தான் வந்து சொல்லணும்."

எழுதினவன்தான் வந்து சொல்லணும். இந்த வரியை இங்கே வேறு நோக்கத்துக்காகக் கொண்டுவந்தேன். கொண்டுவந்த பிறகு அது என்னையே பார்க்கிறது.

இன்று காலை இந்த இடத்தில் நோட்டை மூடி வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் அறைத்தோழர் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு அதைப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்சல் வண்டி ஓட்டுகிறார். எங்கள் கட்டிடத்தில் அவருக்குப் பெயர் குறட்டை.

"என்ன எழுத்தாளரே, இவ்வளவு நாளா ஒரே ரூம்ல இருக்கேன். உன் கதையில எனக்கு ஒரு சட்டைதான் வேஷமா?"

"குடுங்கண்ணே நோட்டை."

"இரு, படிச்சிட்டுத் தரேன். படிக்கிற மாதிரியா எழுதியிருக்க. கோழி கிளறின மாதிரி இருக்கு. இது யாரு எழுதினது?"

"நான்தான். இடது கையில."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். நோட்டைத் தாழ்த்தி என் சுண்டுவிரலைப் பார்த்தார். இடது கையால் எழுதினால், எழுதிய ஈர எழுத்தின் மேலேயே கை நகரும். என் சுண்டுவிரல் ஓரம் முழுக்க நீலம்.

"வியாழக்கிழமைன்னு எழுதியிருக்கியே. நாளைக்கா?"

"கதைண்ணே அது."

"கதைன்னா நீ ஏன் நாளைக்கு லீவு கேட்டிருக்க? மேற்பார்வையாளர் என்கிட்ட சொல்லிட்டாங்க. அங்க பார்சல் எடுக்கப் போறவன் நான்."

நான் நோட்டுக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"வீட்டுல சொல்லு."

"எப்படிண்ணே?"

"வாயைத் திறந்து. போனை எடு, பேசு."

"பேசினா வேற மாதிரி போகுதுண்ணே."

"அப்ப எழுது."

"எழுதினா இப்படி இருக்கு."

குறட்டை அண்ணன் பக்கத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காதும்பாங்க. இந்தக் கையெழுத்துக்கு நீ ராஜாவா வரணும்" என்றார். அது நகைச்சுவைக்காகச் சொன்னது. ஆனால் சொல்லிவிட்டு அவரும் சிரிக்கவில்லை.

(கவனித்திருப்பீர்கள். இந்தப் பகுதியில் 'அவன்' வரவே இல்லை. 'நான்' என்பதை அடித்துவிட்டு மேலே எழுதலாம் என்று பார்த்தேன். அவ்வளவு இடத்தில் அடித்தால் பக்கம் கிழிந்துவிடும்.)

7

நேற்று, செவ்வாய்க்கிழமை, அக்கா தனியாகச் செய்தி அனுப்பினாள். குழுவில் இல்லை. அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

'நோட்டுல எழுதித்தானே வாசிக்கிற'

'ஆமா'

'நேத்தும்?'

'ஆமா'

'அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு'

'எதுக்குக்கா'

'உன் கையெழுத்தைப் பாத்து நாளாச்சு'

'நாளைக்கு அனுப்புறேன்'

'நாளைக்கு என்ன. நோட்டு இன்னைக்கு லீவா'

போனைப் பையில் போட்டேன். கழிப்பறைக்குப் போவதுபோலப் போய்ச் சும்மா நின்றேன்.

அவளுக்குச் சந்தேகம் எங்கிருந்து வந்தது? பழைய செய்திகளையும் புதியதையும் வைத்துப் பார்த்தேன். நோட்டில் எழுதி வாசித்த நாட்களில் ஒவ்வொன்றும் 'அம்மா' என்று தொடங்கும். நான் எழுதும்போது முதலில் எழுதுகிற சொல் அதுதான். மற்றதை அடித்தாலும் அதை அடிப்பதில்லை. அந்த ஒன்று மட்டும் 'எனக்கு' என்று தொடங்கி, 'ம்மா' என்று முடிந்திருந்தது. எழுதுகிறவன் அம்மாவை முதலில் வைப்பான், பேசுகிறவன் கடைசியில் வைப்பான். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. வாக்கியம் எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்திருக்கிறாள்.

அல்லது இதெல்லாம் என் கற்பனை. அவளுக்கு உண்மையிலேயே தம்பியின் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். பயந்தவனுக்கு 'நலமா' என்று கேட்டாலும் விசாரணையாகத்தான் கேட்கும்.

பழைய பக்கம் ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பலாம் என்று பார்த்தேன். நோட்டின் முன்பகுதி முழுக்க அழகான கையெழுத்துதான். ஒவ்வொரு ழவும் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறது. போன மாதத்துப் பக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தேதி தெரியாமல் மடக்கி, போட்டோவும் எடுத்துவிட்டேன். அனுப்பும் இடம்வரை கொண்டுபோனேன். பிறகு அழித்தேன். கிறுக்கி மறைக்காத என்றவளுக்கு அதை அனுப்ப முடியாது.

8

முடிவுகள்.

முதல் முடிவு: யாருக்கும் சொல்வதில்லை. வியாழக்கிழமை போகிறது, கை சரியாகிறது. பல மாதம் கழித்து ஊருக்குப் போகிறபோது மணிக்கட்டில் சின்னத் தழும்பைப் பார்த்து அம்மா கேட்கிறாள். "அதுவா, அது ஒரு கதை" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். இது நல்ல முடிவு. இதில் ஒரே ஒரு குறைதான். மருத்துவர் சொன்ன 'பெரும்பாலும்' இதில் எங்கேயும் வரவில்லை.

இரண்டாவது முடிவு: 'பெரும்பாலும்' வருகிறது. கை

எழுதவில்லை.

மூன்றாவது முடிவு: அழைத்துப் பேசிவிடுகிறான். "அக்கா, எனக்கு வழி தெரியல" என்கிறான். நாக்கு புரளாமல் "வலி தெரியல" என்றே அவளுக்கும் கேட்கிறது. "தெரியலேன்னா நல்லதுதானேடா" என்கிறாள். அவன் "ஆமாக்கா" என்கிறான். இதை எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது. மூன்றில் இதுதான் நடக்கக் கூடியது.

குறட்டை அண்ணன் நான்காவதாக ஒன்று சொன்னார். "மருத்துவமனைக்கு நான் கூட வரேன். பார்சல் வண்டியில கொண்டுபோய் இறக்குறேன். 'கவனமாகக் கையாளவும்'னு ஒட்டிக்கூட விடுறேன். ஆனா அதுக்கு முன்னாடி அக்காகிட்ட சொல்லிருக்கணும். இல்லேன்னா உள்ள நீ படுத்திருப்ப, வெளிய நான் நின்னு யாருக்குப் போன் பண்றது? எனக்கு உன் வீட்டுல யாரைத் தெரியும்? சட்டைக்காரன்னு அறிமுகம் பண்ணிக்கவா?"

அவருக்கு வசனம் நன்றாக வருகிறது. கதை முழுக்க அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

9

இதுவரை எழுதியதை, விரிப்பு அறையில் நின்றுகொண்டு, இன்று மதியம் போனுக்கு வாசித்துவிட்டேன். அடித்த வரிகளையும் வாசித்தேன். ழ வந்த இடத்தையெல்லாம் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தியும் விட்டேன். போன் இதைக் கதை என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கடைசிப் பக்கத்தை வாசிக்கப் போவதில்லை, போட்டோவாக அக்காவுக்கு அனுப்பப் போகிறேன். வாசித்தால் ஒரு எழுத்து மாறும். மாறினால் ஓர் அப்பாடா வரும்.

அறையில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. ஜன்னலோரம் நோட்டை விரித்து வைத்திருக்கிறேன். இடது கையால் எழுதுகிறேன். ல சுலபமாக வருகிறது, ஒரு சுழி, ஒரு வளைவு, முடிந்தது. ழவுக்குத்தான் வால் இறங்க மாட்டேன் என்கிறது. பக்கவாட்டில் சுருண்டு, அடுத்த எழுத்தின் காலைப் போய்ப் பிடிக்கிறது. நாக்குக்கு வராததைக் கை செய்துகொண்டிருந்தது. இப்போது கைக்கும் வரவில்லை. வாய்க்கும் கைக்கும் இடையில் எங்கேயோ அந்த எழுத்து நின்றுகொண்டிருக்கிறது.

அதனால் அதை எழுதாமல் விட்டிருக்கிறேன். அச்சகத்தில் சந்தேகமான இடத்தை நீ காலியாக விட்டுக் கேள்விக்குறி போடுவாயே, அந்த மாதிரி. இடது பக்கத்தையும் காலியாகவே விட்டிருக்கிறேன், நீ திருத்தம் போட.

அம்மாவிடம் இன்னும் காட்டாதே. அப்பா இரண்டு தடவை படிப்பார், அதனால் அவரிடமும் வேண்டாம். 'என்னைக் கேளுங்க' என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு பக்கம் சுற்றினேன். நாளைக்குக் காலை கிளம்புவதற்கு முன்னால் போனைப் பார்ப்பேன். பார்க்கப் பயமாக இருக்கும். இருந்தாலும் பார்ப்பேன்.

படித்துக்கொண்டு வந்த மற்றவர்களுக்கு: நாளைக்கு என்ன ஆனது என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் புதன்கிழமையில் இருக்கிறேன், எனக்கும் தெரியாது. உங்களிடமும் ஒரு பேனா இருக்கும். கீழே நான் விட்டிருக்கும் இடத்தில் என்ன எழுத்து என்று உங்களுக்கு இப்போது தெரியும், அதைச் சொல்லித்தர ஒரு முழுக்கதை ஆகிவிட்டது. அவளுக்கு இவ்வளவு தேவைப்படாது என்று நம்புகிறேன்.

அக்கா,

எனக்கு ஒண்ணும் வ___ தெரியலக்கா.

போட்டோ எடுக்கும்போது பக்கம் புரளாமல் இருக்க ஒரு கை வேண்டியிருந்தது. ஓரத்தில் தெரியும் கட்டைவிரல் என்னுடையது இல்லை. அன்றைக்குக் குழுவில் சட்டை கேட்டுக் கத்தினாரே, அவருடையது. நாளைக்கு உன்னை அழைக்கப்போகிறவர் அவர்தான்.